செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1997ஆம் ஆண்டு மாருதி 800 கார் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் லயத்தை (தொழிலாளர் குடியிருப்பு வரிசையை) ஒட்டித் திறந்த வெளியில்தான் நிறுத்துகிறேன். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கியதிலிருந்து காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றினாலும் இன்ஜின் பிடிப்பதில்லை. மதியம் வெயில் வந்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரியை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
— வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: இப்போது மாற்ற வேண்டாம். செல்ஃப் முன்பே வேகமாகச் சுற்றியிருந்தால், பேட்டரிக்குக் கொடுத்த பணமே தேவையற்ற செலவுதான். பெட்ரோல் இன்ஜின் பிடிப்பதற்குப் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, அதைக் கொளுத்தும் ஸ்பார்க், கலவையை அழுத்தப் போதிய கம்ப்ரஷன் ஆகிய மூன்றும் உரிய நேரத்தில் சேர வேண்டும். இவற்றில் எது வரவில்லை என்று தெரியாமல் எந்த உதிரிபாகத்தையும் வாங்கக் கூடாது.

நீங்கள் எழுதியதிலேயே பெரிய தடயம் இருக்கிறது. ஈரமான காலையில் பிடிக்காத வண்டி, காய்ந்த மதியத்தில் தானாகவே பிடிக்கிறது என்றால், முதல் சந்தேகம் ஸ்பார்க் செல்லும் வழியின் மீதுதான் விழ வேண்டும். பேட்டரியின் வோல்ட்டேஜை உயர்த்தித் தரும் காயிலிலிருந்து புறப்படும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம், அதை ஒவ்வொரு பிளக்கிற்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பின் உள்ளே படிந்த ஈரத்தின் வழியாகவோ, வெடித்த பிளக் வயரின் வழியாகவோ எர்த்துக்குக் கசிந்துவிட்டால், பிளக்கிற்கு மிச்சம் எதுவும் வந்து சேராது.

அதிகாலையில், வெளிச்சம் வருவதற்கு முன், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். கைகளும் உடையும் பெல்ட்டிலிருந்தும் ஃபேனிலிருந்தும் விலகியே இருக்கட்டும். வயர்களின் மேல் நீல நிறத்தில் பொறிகள் ஊர்ந்தால், கசிவு எங்கே என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். எதுவும் தெரியாவிட்டால், கேப்பைக் கழற்றி உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கறுப்புக் கோடு ஓடுகிறதா என்று தேட வேண்டும். அது மின்சாரம் கசிந்து கசிந்து கரி படிந்த தடம். அந்தக் கோடு விழுந்த கேப்பைத் துடைத்துப் பயனில்லை. அதனுள்ளே சுழலும் ரோட்டாரோடு சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது. இவை விலை அதிகமில்லாத பொருள்கள். குமுளி இறங்கிக் கம்பம் போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெறும் ஈரம் மட்டுமே இருந்தால், உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து மாட்டினாலே அன்றைய காலைக்கு வண்டி பிடித்துவிடும்.

கேப் கழன்றிருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது ரோட்டார் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால், அது சுற்றுவதற்குக் காரணமான டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். அதற்கு மேல் ஒரு முறைகூடச் செல்ஃப் அடிக்காதீர்கள். உங்கள் வண்டி மதியம் ஓடுவதால் அந்த அச்சம் இல்லை என்றாலும், இதே தொல்லையோடு படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

அடுத்தது பிளக். ஒன்றைக் கழற்றி வயரிலேயே மாட்டி, அதன் உலோக உடல் இன்ஜினைத் தொடும்படி வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பிளக்கை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. பிளக் இருந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் அதன் அருகிலும் வைக்கக் கூடாது. நீல நிறத்தில் சட்டென்று தெறித்தால் நல்லது. மஞ்சளாக, நூல் போல வந்தால், கம்ப்ரஷனுக்குள் அது அணைந்துவிடும். பிளக் நனைந்து பெட்ரோல் வாசனை அடித்தால் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது; கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையே அரை நிமிடமாவது செல்ஃப் மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள்.

கார்புரேட்டரின் முறை இதற்குப் பிறகுதான். ஏர் கிளீனர் மூடியை எடுத்துவிட்டு, இன்ஜின் ஓடாத நிலையில் ஆக்சிலேட்டர் கேபிளை இழுத்தால், உள்ளே பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது. இல்லையென்றால் ஃபில்டர், ஃப்யூயல் பம்ப் டயபிரம், ரப்பர் ஹோஸ் என்று பின்னோக்கிப் போக வேண்டும். 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்திருப்பதால், பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ்கள் எத்தனாலால் இளகியோ வெடித்தோ இருக்கின்றனவா என்று விரலால் அழுத்திப் பார்ப்பது அவசியம். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். மழைக்காலத்தில் பாதி டேங்க்கோடு வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதைத் தவிருங்கள்.

கேள்வி: எங்கள் பழைய ஆம்னி காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் சித்திரை வெயிலில் பொள்ளாச்சி வரை ஓட்டிப் போய், பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் செல்ஃப் மட்டும் சுற்றுகிறது. என்ன காரணம்?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஆம்னியில் இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால், நிறுத்தியதும் வெப்பம் அங்கேயே தேங்குகிறது. குழாயிலோ பம்பிலோ பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் இழுக்க முடியாமல் போயிருக்கலாம். அல்லது கார்புரேட்டரிலிருந்து கொதித்து வழிந்து பிளக்குகளை நனைத்திருக்கலாம். மேலே சொன்னபடி பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். பீய்ச்சாவிட்டால், பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து எடுத்துப் பாருங்கள். பீய்ச்சுகிறது, பிளக்கும் நனைந்திருக்கிறது என்றால், ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்து அடியுங்கள். பெட்ரோலும் பீய்ச்சி, பிளக்கும் நனையாமல் இருந்து, ஸ்பார்க் மட்டும் வராவிட்டால், சூடானதும் செயலிழக்கும் காயில்தான் காரணமாக இருக்கலாம்; அதைச் சூடாக இருக்கும்போதே சோதிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் குளிர்ந்தபின் அது நல்ல காயிலாகவே தெரியும்.