பரேட்டோ இடைவெளியில் வரும் பொதிகள்: காத்திருப்பை எப்படிக் கணக்கிடுவது?

நெட்வொர்க் பொதிகள் (packets) பரேட்டோ இடைவெளியில் வருகின்றன; அதாவது இடைவெளிகள் பெரும்பாலும் சிறியவை, எப்போதாவது மிக நீண்டவை. ஒரே சர்வர், சேவை நேரம் அடுக்குக்குறிப் பரவல் (exponential). சிமுலேஷன் விடை ஓட்டத்துக்கு ஓட்டம் ஏன் மாறுகிறது என்பது கேள்வி.

நிரலில் பிழை இல்லாவிட்டாலும் அப்படித்தான் வரும். பரேட்டோவின் வால் அடுக்கு (நீண்ட இடைவெளிகள் எவ்வளவு வேகமாக அரிதாகின்றன என்பதைக் காட்டும் எண்) 1.5 என்றால் இடைவெளிக்குச் சராசரி உண்டு, மாறுபாடு (variance) முடிவிலி. இடைவெளிகளின் மாதிரிச் சராசரியில் வரும் பிழை மாதிரி எண்ணிக்கையின் கனமூலத்தின் அளவுக்குத்தான் குறையும். அந்தச் சராசரியில் ஒரு தசம இலக்கம் கூடுதலாக வேண்டுமென்றால் 1,000 மடங்கு மாதிரி தேவை! சமன்பாட்டைத் தீர்ப்பதே மேல்.

இடைவெளி கா-வைத் தாண்டும் நிகழ்தகவு (1+கா)^−1.5, சேவை வீதம் 1 என்று கொள்ளுங்கள். சராசரி இடைவெளி 2, சராசரி சேவை நேரம் 1, ஆகவே சுமை 50%. எக்ஸ்ப்(−த×கா)×(1+கா)^−1.5 என்பதை (எக்ஸ்ப் என்பது e-யின் அடுக்கு) கா 0 முதல் முடிவிலி வரை தொகையிட்டால் 1 வர வேண்டும். அந்த த-வைத் தேடுங்கள். த ஏற ஏறத் தொகை இறங்கும், ஆகவே 0க்கும் 1க்கும் இடையே பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் போதும். கிடைப்பது 0.187. வரும் பொதி காத்திருக்க நேரும் நிகழ்தகவு 1−த, அதாவது 0.813; சராசரிக் காத்திருப்பு (1−த)/த, அதாவது 0.813/0.187, சுமார் 4.3. அதே சுமையில் பாய்சான் வருகைக்கு (இடைவெளியும் அடுக்குக்குறிப் பரவலாக இருக்கும்போது) 1தான்.

பலர் சறுக்குவது தொகையீட்டில். கா=10இல் நிறுத்திவிடுகிறார்கள்; அங்கே எக்ஸ்ப்(−த×கா) இன்னும் 0.15. எல்லையை 30/த வரை, இங்கே 160 வரை, நீட்டுங்கள். சுமை கூடினால் த சுருங்கும், எல்லையும் நீளும்.