ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள், முதலில் புஷ்ஷைப் பாருங்கள்

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் 2019 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ இருக்கிறது. 70,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஏற்காடு, கொல்லிமலை என்று அடிக்கடி மலை ஏறுவோம். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிற மாதிரி இருக்கிறது. ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டிவிட்டால் வண்டி ஹார்டாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? எனக்கு இதெல்லாம் புதிது."

தயவுசெய்து வெட்ட வேண்டாம். சுற்று குறைந்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு கூடும் என்பது உண்மைதான், உங்கள் மெக்கானிக் அந்த அளவில் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் வண்டி இறங்கிவிடுவதால் சக்கரம் மேலே ஏற மிச்சமிருக்கும் இடம் சுருங்கிவிடும், வளைவின் நடுவில் ஒரு குழி வந்தால் ஷாக் அப்சார்பர் நேராக, கடைசி எல்லையில் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும், அந்த நொடியில் அந்தச் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே இல்லாத மாதிரி ஆகி டயர் வழுக்கும். ஸ்பிரிங்கின் நுனி அதன் இருக்கையில் உள்ள பள்ளத்தில் பொருந்தி உட்கார வேண்டும், வெட்டிய நுனி அப்படி உட்காராது. கேஸ் கட்டரில் வெட்டினால் சூடு பட்ட இடத்தில் இரும்பின் பதமும் போய்விடும்.

அதைவிட முக்கியமான ஒன்று. விறைப்பு வேறு, பிடிப்பு வேறு. வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு எவ்வளவு எடை மாறுகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வண்டியின் உயரம், அகலம், நீங்கள் திரும்பும் வேகம் இவைதான். ஸ்பிரிங்கை ஹார்டாக்கினால் சாய்வு குறையும், வண்டி சட்டென்று திரும்பும், ஆனால் மாறுகிற மொத்த எடை அப்படியேதான் இருக்கும். அளவுக்கு மீறி ஹார்டாக்கினால் ஒட்டுப்போட்ட மலைச் சாலையில் டயர் தரையில் நிற்காமல் துள்ளும். டயர் தரையை விட்டால் மீதி எதுவும் வேலை செய்யாது.

சரி, எங்கே தொடங்குவது? 70,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் "மிதக்கிறது" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு முதலில் தேய்மானம்தான் ஞாபகம் வருகிறது. வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி நீங்களும் கீழே நின்று பாருங்கள். ஷாக் அப்சார்பரின் உடம்பில் எண்ணெய் கசிந்து அதன் மேல் புழுதி அப்பியிருந்தால் அதன் காலம் முடிந்தது என்று அர்த்தம். கசியாமலே உள்ளே தளர்ந்தவையும் உண்டு, பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வண்டி ஒரு முறை அடங்காமல் இரண்டு மூன்று முறை ஆடினால் அதுதான். சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு இணைக்கிற லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர்தான் புஷ். அதில் கம்பியை நுழைத்து நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள், ரப்பர் வெடித்திருந்தால் அப்போதே தெரியும். மெதுவாகப் போகும்போது மேடுபள்ளத்தில் முன்பக்கம் கட கட என்று சத்தம் கேட்டால் பெரும்பாலும் லிங்க் ராடு, அதாவது ஸ்டெபிலைசர் பார் என்கிற கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கிற சின்னத் தண்டு. அது தளர்ந்தால் சாய்வைத் தடுக்கிற ஸ்டெபிலைசர் பார் இருந்தும் பாதி வேலைதான் செய்யும்.

புது புஷ் போடும்போது ஒன்றை மட்டும் நின்று கவனியுங்கள். சக்கரம் தொங்குகிற நிலையிலேயே அதன் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை, கேட்டு வாங்குங்கள். எல்லாம் முடிந்ததும் அலைன்மென்ட்.

அடுத்தது டயர். உங்கள் விஎக்ஸ்ஐயில் 165/80 ஆர்14 இருக்கும், அதாவது அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 இன்ச். கணக்குப் போட்டால் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர். அதே ஸ்விஃப்டின் மேல் வேரியன்ட்டுக்கு கம்பெனியே கொடுத்த அளவு 185/65 ஆர்15. இதில் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர்தான், மொத்த விட்டமோ கிட்டத்தட்ட அதேதான், அதனால் ஸ்பீடோமீட்டர் குழம்பாது. வளைவில் நெளிகிற ரப்பர் 12 மில்லிமீட்டர் குறைவதும், தரையில் படுகிற அகலம் கூடுவதும் ஸ்டியரிங்கில் உடனே தெரியும். முதல் செலவு என்று ஒன்று செய்வதாக இருந்தால் நான் இதற்குத்தான் சொல்வேன். பக்கச்சுவரில் தயாரித்த தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும், 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். வண்டியோடு வந்த டயரே இன்னும் ஓடுகிறது என்றால் ரப்பர் கெட்டியாகியிருக்கும், பட்டன் மிச்சமிருந்தாலும் மாற்றுங்கள்.

காற்று விஷயத்தில் கடைக்காரர் வாய்க்கு வந்ததை அடிக்க விடாதீர்கள். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவை, டயர் ஆறியிருக்கும்போது வையுங்கள். அப்புறம் டயரின் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டு நாலு வளைவு ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு பக்கச்சுவரிலும் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, இரண்டு பிஎஸ்ஐ கூட்டிப் பார்க்கலாம்.

இத்தனையும் செய்தபின் பெரும்பாலானவர்களுக்கு வண்டி போதும் என்று தோன்றிவிடும். இன்னும் வேண்டுமென்றால் உங்கள் மாடலுக்கென்றே ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாக வருகிற கிட்டை வாங்குங்கள். ஹார்டு ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிப் பழைய ஷாக்கோடு போடாதீர்கள், அது திருப்பித் தள்ளுகிற வேகத்தைப் பழைய ஷாக்கால் அடக்க முடியாது. இறக்கமும் 20, 25 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸே 163 மில்லிமீட்டர்தான், நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர் அதற்கு மேல் மன்னிக்காது. ரொம்ப இறக்கினால் முன்பக்க லோயர் ஆர்ம்கள் மேல்நோக்கிச் சரிந்து, வண்டியைச் சாய்க்கிற நெம்பு நீளம் கூடிவிடும். சாய்வைக் குறைக்கப் போய் கூட்டிக்கொள்கிற கதை.

பின்பக்கத்துக்கு ஸ்டெபிலைசர் பார் விற்பார்கள், முன்சக்கர இழுவை வண்டியில் மூக்கு வெளியே தள்ளுவது அதில் நன்றாகக் குறையும். ஆனால் ஈரச் சாலையில் பின்பக்கம் திடீரென்று வழுக்கலாம், இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். பார் விஷயத்தில் சின்ன வித்தியாசமும் பெரிது, 22 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 24 போட்டாலே விறைப்பு 40 சதவீதம் ஏறும். பானெட்டுக்குள் இரண்டு பக்க ஷாக்கின் மேல்முனைகளையும் இணைத்துப் போடுகிற ஸ்ட்ரட் பார் பார்க்க அழகாக இருக்கும், உங்கள் ஓட்டத்துக்கு அதில் பெரிதாகப் பலன் இல்லை.

கிட் மாட்டுவதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கிளெய்ம் நேரத்தில் அதைக் காட்டி மறுக்க வாய்ப்புண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி ஆர்சியில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

இந்த வாரமே லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு, புஷ், லிங்க் ராடு, ஷாக் மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதுங்கள். ஷாக் போயிருந்தால் முன்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் இடது வளைவிலும் வலது வளைவிலும் வண்டி வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும்.