செஸ் ஆடும் மகள்: பெண்கள் போட்டியா, ஓபனா, படிப்பா?

வணக்கம் அம்மா.

மகளுக்கு 14 வயது, ரேட்டிங் (ஆட்ட வலிமையைக் காட்டும் புள்ளி) 1850, இந்த ஆண்டு தொடர்ந்து இறங்குமுகம். அதைப் பார்த்ததும் வீட்டில் "பெண்பிள்ளைக்கு இது எதுவரை?" என்ற பேச்சு கிளம்பிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பெண்கள் போட்டிகளோடு நிறுத்திக்கொள்ளலாமா, ஆண் பெண் எல்லோரும் ஆடும் ஓபனில் ஆட வைக்கலாமா, படிப்பை என்ன செய்வது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் அந்த இறங்குமுகத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

18 வயது நிறையும் ஆண்டு முடியும்வரை, 2300-க்குக் கீழே உள்ள ஆட்டக்காரருக்கு, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கில் கே எண் 40; ஓர் ஆட்டம் ரேட்டிங்கை எவ்வளவு அசைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண் அது. பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு அது 20. தனக்குச் சமமான ஒருவரிடம் தோற்றால் உங்கள் மகளுக்கு 20 புள்ளி போகும், அதே தோல்வியில் பெரியவருக்கு 10 தான் போகும். ஒரு போட்டியில் வரிசையாக ஐந்து ஆட்டம் சறுக்கினால் 100 புள்ளி காணாமல் போய்விடும். திரும்பி வரும்போதும் அதே வேகத்தில் வரும். ஆகவே ரேட்டிங் பட்டியலை மாதாமாதம் பார்த்துக் கலங்க வேண்டாம். ஓராண்டுக்கு ஒருமுறை பாருங்கள், போதும்.

மாதாமாதம் பார்க்க வேண்டியது அவளுடைய ஸ்கோர்ஷீட், அதாவது ஆடும்போது நகர்த்தல்களை எழுதும் தாள். டிரா கேட்டால், கேட்ட இடத்தில் சமக்குறி போட வேண்டும் என்பது விதி. அந்தச் சமக்குறிகளைத் தேடுங்கள். எத்தனையாவது நகர்த்தலில் கேட்டிருக்கிறாள்? அப்போது அவள் கை ஓங்கியிருந்ததா? எதிரே தன்னைவிட 200 புள்ளி கூடுதலான பையன் உட்கார்ந்திருந்தபோது மட்டும் கேட்டிருக்கிறாளா? உங்களுக்கு ஆட்டம் தெரியாவிட்டால் கோச்சிடம் இந்தக் கேள்விகளை அப்படியே கேளுங்கள். நல்ல நிலையில் இருந்துகொண்டு டிரா கேட்கும் பிள்ளைக்கு ஓபனிங் புத்தகம் வாங்கித் தந்து பயனில்லை. அவளிடம் திறமை இருக்கிறது, தன்னால் ஜெயிக்க முடியும் என்ற நம்பிக்கைதான் ஆடுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இனி அந்த "எதுவரை" கேள்வி. ஹங்கேரியின் யூதித் போல்கர் 1991-ல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, 1958-ல் பாபி ஃபிஷர் படைத்த இளவயதுச் சாதனை உடைந்தது. 2005-ல் ஆண் பெண் எல்லோரும் சேர்ந்த உலகத் தரவரிசையில் அவர் 8-ஆம் இடத்துக்கு வந்தார், ரேட்டிங் 2735. பெண்கள் உலகப் பட்டத்துக்கு அவர் போட்டியிட்டதே கிடையாது. அப்படியானால் முதல் நூறு பேரில் பெண்கள் ஏன் இவ்வளவு அரிது என்று கேட்பார்கள். ரேட்டிங் உள்ளவர்களில் பெண்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் என்பதை முதலில் சொல்லுங்கள். ஆயிரம் பேர் ஆடும் கூட்டத்தின் முதல் ஆட்டக்காரர், நூறு பேர் ஆடும் கூட்டத்தின் முதல் ஆட்டக்காரரைவிட மேலே இருப்பது இயல்பு. எண்ணிக்கை மட்டுமே முழுக் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் உங்கள் மகளின் அடுத்த போட்டியை அது தீர்மானிக்கப் போவதில்லை.

என் கவலை வேறு. 13 முதல் 16 வயதுக்குள்தான் நன்றாக ஆடும் பெண்கள் சத்தமில்லாமல் கழன்றுகொள்கிறார்கள். சிறுவயதுப் பிரிவில் தோழிகள் இருந்தார்கள். இப்போது பெரிய ஹாலில் யாரோடு யார் ஆடுவது என்ற பேரிங் பட்டியலைப் பார்த்தால் பக்கத்து போர்டுகளில் எல்லாம் ஆண்கள். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே நாலைந்து மணி நேரம் பேச ஆளில்லை. அந்தத் தனிமையில் தோல்வி இரண்டு மடங்கு கனக்கிறது. பிறகு "எனக்கு ஆர்வம் போய்விட்டது" என்பாள், நாமும் நம்பிவிடுவோம். பெண்களுக்கென்று தனிப் போட்டி, தனிப் பட்டம், தனிப் பயிற்சி முகாம் எல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். ஆட்டத்தில் நிலைத்திருக்க அவளுக்குத் துணை வேண்டும். முகாம் ஏதேனும் இருந்தால் கண்டிப்பாக அனுப்புங்கள். அங்கே கிடைக்கும் இரண்டு தோழிகள் பாடத்தைவிட முக்கியம்.

ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. கணக்கைப் பாருங்கள். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு ரேட்டிங் 2500 வேண்டும். அதோடு நார்ம், அதாவது பட்டத்துக்குத் தகுதி தரும் போட்டிச் சாதனைகளும் வேண்டும்; நார்ம் ஒவ்வொன்றுக்கும் அந்தப் போட்டியில் 2600 அளவுக்கு ஆடியிருக்க வேண்டும். வுமன் கிராண்ட்மாஸ்டருக்கு ரேட்டிங் 2300, நார்முக்கு 2400. இடையில் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் இருக்கிறது, அதற்கு 2400. அதாவது பெயரில் கிராண்ட்மாஸ்டர் என்று இருந்தாலும் பெண்கள் பட்டம் இன்டர்நேஷனல் மாஸ்டருக்கு ஒரு படி கீழே. இது தெரியாமல் பட்டம் வாங்கிய அன்றே பயிற்சியைக் குறைத்துவிடும் குடும்பங்கள் உண்டு. இலக்கைத் தாழ்த்துகிறது என்று இந்தப் பட்டங்களையே எதிர்ப்பவர்கள் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. வழியில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளட்டும், அழைப்புகளுக்கும் சலுகைகளுக்கும் உதவும். சுவரில் ஒட்டும் இலக்காக மட்டும் அது இருக்க வேண்டாம்.

ஊக்கம் என்ற பெயரில் வருவதெல்லாம் ஊக்கமல்ல என்பதற்கும் ஒரு பழைய உதாரணம் உண்டு. 1987-ல் ஃபிடே பெண்களுக்கெல்லாம் 100 ரேட்டிங் புள்ளியைக் கூட்டிப் போட்டது. யூதித்தின் அக்கா சூசன் போல்கர் ஒருவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. மற்ற பெண்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடியதால் அவர்களின் ரேட்டிங் குறைந்திருக்கிறது, சூசன் ஆண்களோடு ஆடுபவர் என்று காரணம் சொன்னார்கள். அந்த முடிவின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். பெண்களோடு மட்டுமே ஆடிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த விளக்கமே ஒப்புக்கொள்கிறது.

ஆகவே என் பரிந்துரை: ஆண்டில் ஆடும் கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்ட) போட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு ஓபன், ஒரு பங்கு பெண்கள் போட்டி. ஓபனில் முதல் பாதிப் பட்டியலுக்குள் அவள் வராத போட்டிகளாகவே பார்த்துத் தேர்ந்தெடுங்கள், வலுவானவர்களோடு மோதட்டும். 1927-ல் முதல் பெண்கள் உலக சாம்பியனான வேரா மென்சிக் இப்படித்தான் இரண்டு பக்கமும் ஆடினார், பின்னாளில் உலக சாம்பியனான மாக்ஸ் யூவேயையும் தோற்கடித்தார். நம் காலத்தில் வைஷாலி 2023-ல் பெண்கள் கிராண்ட் சுவிஸ் வென்றார், அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பெயினில் ஓர் ஓபன் போட்டியில் 2500-ஐத் தாண்டி கிராண்ட்மாஸ்டர் ஆனார். திவ்யா தேஷ்முக் கதை மறுதிசை: கையில் ஒரு கிராண்ட்மாஸ்டர் நார்ம்கூட இல்லாமல் போய், 2025 பெண்கள் உலகக் கோப்பையை வென்று பட்டத்தை நேரடியாகப் பெற்றார். பெண்கள் சுற்றில் இன்று உலகக் கோப்பை, கிராண்ட் சுவிஸ், கிராண்ட் பிரீ, கேண்டிடேட்ஸ் என்று தொடர்ச்சி இருக்கிறது. நார்வே செஸ் 2024 முதல் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சமமான பரிசுத்தொகை தருகிறது. கதவுகள் முன்பைவிட அகலமாகத்தான் திறந்திருக்கின்றன.

பணம் என்று வந்தால் வெளிப்படையாகச் சொல்கிறேன். பரிசுத்தொகையை மட்டும் நம்பி வாழ்பவர்கள், ஆண்களிலும் சரி பெண்களிலும் சரி, உச்சியில் இருக்கும் சிலர்தான். மற்றவர்கள் பயிற்சி தருகிறார்கள், நடுவராகிறார்கள், வர்ணனை செய்கிறார்கள், பள்ளிகளில் செஸ் கற்பிக்கிறார்கள். பயிற்சியாளருக்கும் நடுவருக்கும் ஃபிடே தனிப் பட்டங்கள் தருகிறது. இளம் பெண்களுக்குப் பெண் கோச் வேண்டும் என்று தேடும் பெற்றோர் நிறைய, கிடைப்பவர்கள் குறைவு. நான் இதை இரண்டாம்தர வழியாக நினைக்கவில்லை.

படிப்பை இந்த வயதில் நிறுத்த வேண்டாம். ஹோ யிஃபான் 16 வயதில் பெண்கள் உலக சாம்பியன். அவர் உச்சத்தில் இருந்தபோதே பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், பிறகு ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனார், 2020-ல் பேராசிரியரானார். உங்கள் மகள் நாளுக்கு மூன்று மணி நேரம் ஒழுங்காக உழைத்தால், தேர்வு மாதங்களைத் தவிர்த்துப் போட்டிகளைத் திட்டமிட்டால், இப்போதைக்குப் பள்ளியும் செஸ்ஸும் சேர்ந்தே போகும். 17 வயதுக்குள் 2300-ஐ நெருங்கினால் ஓராண்டு இடைவெளி பற்றி அப்போது பேசலாம். நெருங்காவிட்டாலும் ஆட்டத்தை விட வேண்டியதில்லை. கல்யாணம், குழந்தை என்றானால் எல்லாம் முடிந்துவிடும் என்று உங்கள் மாமியார் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். கோனேரு ஹம்பி மகள் பிறந்ததையொட்டி இரண்டு ஆண்டுகள் விலகியிருந்து, திரும்பி வந்து 2019-லும் 2024-லும் பெண்கள் உலக ரேபிட் (வேக ஆட்ட) பட்டத்தை வென்றார். அவருக்குக் குடும்பம் துணை நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 2023-ல் பிரான்ஸில் பெண் ஆட்டக்காரர்கள் சேர்ந்து, செஸ் உலகில் தாங்கள் சந்தித்த பாலியல் தொந்தரவுகளைப் பற்றிப் பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். பயந்து முடங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. வெளியூர்ப் போட்டிக்கு யாருடன் போகிறாள், எந்த அறையில் யாருடன் தங்குகிறாள் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கட்டும். ஆன்லைன் வகுப்பு வீட்டின் பொது அறையில் நடக்கட்டும். கோச்சோ வேறு யாரோ இரவில் தனிப்பட்ட செய்தி அனுப்பினால் உங்களிடம் காட்டலாம், காட்டினால் செஸ்ஸை நிறுத்திவிட மாட்டீர்கள் என்று அவளிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பல பெண்கள் மறைக்கிறார்கள். போட்டி நடக்கும் இடத்தில் ஏதாவது நடந்தால் தலைமை நடுவரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.