வெளிநாட்டுப் புவிவெப்ப ஆய்வு நிறுவனத்தில் காசு போடலாமா?

புவிவெப்ப மின்சாரத்துக்காக நிலத்தைத் துளைத்துப் பார்க்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் பதினைந்து லட்சம் போடும்படி கனடாவில் இருக்கும் சித்தப்பா சொல்கிறார், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து கேட்கிறீர்கள். அப்படியென்றால் அது சும்மா கிடக்கும் காசாக இருக்காது. காணி விற்றதாகவோ, தங்கச்சியின் கலியாணத்துக்குச் சேர்த்ததாகவோ இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

2010இல் உரும்பிராயில் இரண்டு பரப்புத் தோட்டக்காணியை விற்றேன். மெல்பேர்ணில் இருக்கும் அத்தான் அப்போதுதான் தொலைபேசியில் இந்தக் கதையைத் தொடங்கினார். ஆழத்தில் கிடக்கும் சூடான கருங்கல்லைத் துளைத்து மின்சாரம் எடுக்கிறோம் என்று அந்த நாட்களில் அவுஸ்திரேலியப் பங்குச்சந்தையில் பல நிறுவனங்கள் இருந்தன. அரசாங்கமும் மானியம் கொடுத்தது. "நிலத்துக்குக் கீழே சூடு எப்பவும் இருக்கும், தீராது" என்றார் அத்தான். சின்ன வயதில் திருகோணமலை கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தது நினைவுக்கு வந்தது. நம்பினேன்.

சூடு உண்மையாகவே இருந்தது. நான் காசு போட்ட நிறுவனம் துளைத்த கிணற்றிலும் எதிர்பார்த்த வெப்பம் வந்தது. அந்தச் சூட்டை மேலே கொண்டுவர வேண்டிய தண்ணீர்தான் ஓடவில்லை. இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குள் தண்ணீர் தானாக ஓடும், அதனால்தான் கிணறு வெட்டி வாழ்கிறோம். கருங்கல் அப்படியில்லை. அழுத்தத்தோடு நீரைச் செலுத்தி வெடிப்புகளைத் திறக்க வேண்டும். அப்படிச் செய்யப்போய்த்தான் 2006இல் சுவிஸ் பாசல் நகரத்தில் நிலம் நடுங்கி, பிறகு திட்டத்தையே கைவிட்டார்கள். அவுஸ்திரேலியாவில் எல்லாரும் உதாரணம் காட்டிய கூப்பர் படுகையில் 4 கிலோமீற்றருக்கும் கீழே போனார்கள். 2013இல் 1 மெகாவாற் சோதனை நிலையம் ஓடியது. 2016இல் அதுவும் முடிந்தது.

என் நிறுவனம் அடுத்த கிணற்றுக்குக் காசு தேடிப் புதுப் பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் என் பங்கின் பெறுமதி கரைந்தது. 30 சதத்துக்கு வாங்கியது ஒரு சதத்துக்கும் கீழே போனது.

அதைவிட வலித்தது வேறு. இங்கிருந்து காசு அனுப்ப வழியில்லாததால், அத்தானின் அம்மா வீட்டுத் திருத்த வேலைக்கு நான் இங்கே பத்து லட்சம் கொடுத்தேன், அவர் அங்கே தன் பெயரில் பங்கு வாங்கினார். எழுத்தில் ஒன்றுமில்லை. விலை விழுந்தபோது எதை எப்போது விற்றார் என்று கேட்க எனக்கு உரிமையில்லாமல் போனது. அக்கா நடுவில் நின்று அழுதா.

நான் ஏதோ புவிவெப்பத்துக்கு எதிரி என்று கீழே வந்து எழுதவேண்டாம். ஐஸ்லாந்தில் வீடுகளைச் சூடாக்குவதே அதுதான். கென்யாவின் மின்சாரத்தில் மிகப் பெரிய பங்கு அதிலிருந்து வருகிறது. ஆனால் கென்யாவின் ஒல்காரியாவில் 1950களில் துளைக்கத் தொடங்கி, மின்சாரம் வந்தது 1981இல். துளைத்துப் பார்க்கும் ஆபத்தைத் தனியாரின் தலையில் கட்டாமல் சுமப்பதற்கென்றே அங்கே 2008இல் அரசு நிறுவனம் ஒன்றை உருவாக்கினார்கள். உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி 2013இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகளை ஆராய்ந்தது. புதிய இடத்தின் முதல் கிணறு தேறுவது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஒரு கிணற்றுக்கே பல மில்லியன் டொலர் முடியும். ஓடுகிற நிலையத்தில் பங்கு வாங்குவதும், இன்னும் துளைக்காத நிலத்தில் வாங்குவதும் ஒன்றென்று உங்கள் சித்தப்பா நினைத்தால், அவரிடம் இதைக் காட்டுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. எங்கள் தோட்டக் கிணறுகளில் நைட்ரேட் கூடிவிட்டது, கரையோரத்தில் உவர் ஏறுகிறது. மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்கட்டும் என்று அந்தப் பத்து லட்சத்தில் ஊர்க்குளம் ஒன்றைத் தூர்வாரத் தொடங்கியிருக்கலாம். கேட்டால் வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆட்கள் கோபுரத்துக்குத் தருகிறார்கள், குளத்துக்குத் தருவதில்லை. நானும் அன்று குளத்தை நினைக்கவில்லை.

சரி, உங்கள் விஷயம். போடத்தான் போகிறீர்கள் என்றால் வங்கியில் வெளிமுக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டில் முதலீடு செய்வதற்கான கணக்கு) திறந்து, உங்கள் பெயரிலேயே போடுங்கள். இப்போதைய எல்லை எவ்வளவு என்று வங்கியிலேயே கேளுங்கள். சித்தப்பா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் பெயரில் வேண்டாம். நிறுவனம் இதுவரை எத்தனை கிணறு துளைத்தது, ஒவ்வொன்றிலும் வெப்பம் எவ்வளவு, செக்கனுக்கு எத்தனை லீற்றர் நீர் வந்தது என்று பாருங்கள். அறிக்கையில் வெப்பம் மட்டும் இருந்து நீரின் கணக்கு இல்லையென்றால் காசைக் கையிலேயே வைத்திருங்கள். அந்தப் பக்கத்தை இங்கே போட்டாலும் சரி, வாசித்துச் சொல்கிறேன். இப்போது எனக்கு அதை வாசிக்கத் தெரியும்.