பட்டகோனியா வெல்ஷ் குடும்பங்க: பேரு, விழா, கறுப்பு கேக் (கேள்வி பதில்)

அர்ஜென்டினாவோட தெக்குப் பகுதி பட்டகோனியா, அங்க இருக்கற சுபுத் மாகாணத்துல வேல்ஸ்லேந்து (பிரிட்டன்ல ஒரு பகுதி) வந்து குடியேறுன வெல்ஷ் குடும்பங்களைப் பத்தி நேத்து எழுதுனதுக்கு வந்த கேள்விங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

அண்ணா, அர்ஜென்டினாவுல எப்படி வேல்ஸ்காரங்க வந்தாங்க?

1865 மே மாசம் லிவர்பூல்லேந்து மிமோசாங்கற கப்பல்ல சுமார் 150 பேர் கெளம்பி ஜூலை 28 அன்னிக்கு இப்ப புவெர்ட்டோ மாட்ரின் இருக்கற கரையில எறங்குனாங்க. ஏன்னா வேல்ஸ்ல ஸ்கூல், கோர்ட்டு எல்லாம் இங்கிலீஷ், சொந்த பாஷையில வாழ ஒரு எடம் வேணும்னு மைக்கேல் டி. ஜோன்ஸ்ங்கற பாதிரியார் ரொம்ப தீவிரமா இருந்தாரு. எறங்குன எடத்துல குடிக்க தண்ணியே இல்ல. அங்க ஏற்கனவே இருந்த டெஹுவெல்ச்சேங்கற பழங்குடி மக்கள் வேட்டையாட கத்துக்குடுத்தாங்க, அப்புறம் சுபுத் ஆத்துலேந்து வாய்க்கால் வெட்டி கோதுமை போட்டுதான் தப்பிச்சாங்க. அந்த மக்கள் இல்லன்னா இந்தக் கதையே இல்ல, இதை யாரும் மறக்கக் கூடாது.

எல்லாரும் ஜோன்ஸ், எவன்ஸ், வில்லியம்ஸ்னே இருக்காங்களே?

வேல்ஸ்ல பழைய காலத்துல குடும்பப் பேரே கெடையாதுங்க, நம்ம இனிஷியல் மாதிரி அப்பா பேருதான். மகன்னா நடுவுல 'அப்', மகள்னா 'வெர்ச்'. அப்புறம் இங்கிலீஷ் ரெக்கார்டுக்காக அது உறைஞ்சு போச்சு: அப் ரிஸ் ப்ரைஸ் ஆச்சு, அப் ஹவெல் பவல் ஆச்சு, அப் ஹாரி பாரி ஆச்சு. ஜோன்ஸ்னா ஜானோட பிள்ளை, அவ்ளோதான். அதே மைக்கேல் டி. ஜோன்ஸோட மகன் பட்டகோனியாவுக்கு வந்தப்போ பேரு லுவிட் அப் இவான் (இவான்னா வெல்ஷ்ல ஜான்)! ஜோன்ஸை தூக்கிட்டு பழைய முறைக்கே திரும்பிட்டாங்க, எனக்கு இது ரொம்ப பிடிக்கும்.

பேரு வெச்சதுல உங்களுக்கு பிடிச்ச கதை?

சந்தேகமே இல்ல, எலினெட் மோர்கன். அப்பா லூயிஸ் ஜோன்ஸ், குடியேற்றத்தோட தலைவர்கள்ல ஒருத்தர், ட்ரெலேவ் ஊருக்கு பேரே அவரை வெச்சுதான். 1870ல மிவான்வி கப்பல் பட்டகோனியாவுக்கு வரும்போது நடுக்கடல்ல பொண்ணு பொறந்துச்சு, அதனால ஜோன்ஸ் வேண்டாம், கடல்ல பொறந்தவங்கற அர்த்தத்துல மோர்கன்னு வெச்சுட்டாங்க. அந்தப் பொண்ணு பின்னாடி வெல்ஷ்ல பெரிய எழுத்தாளர் ஆனாங்க.

எங்க அண்ணி சுபுத் வெல்ஷ் வம்சம், பாப்பா பொறக்கப் போகுது. வெல்ஷ் பேரு வெச்சா அங்க பதிவு பண்ணுவாங்களா சார்?

இப்ப பிரச்சனை இல்லம்மா. 1969 சட்டத்துல வெளிநாட்டுப் பேருக்கு கெடுபிடி இருந்துச்சு, அதனால பதிவுல ஒரு ஸ்பானிஷ் பேரு, வீட்ல ஒரு வெல்ஷ் பேருன்னு சமாளிச்சாங்க. 2015ல வந்த புது சிவில் சட்டத்துக்கு அப்புறம் தளர்ந்துடுச்சு. நியா, க்வென் ரெண்டும் நம்ம வாய்க்கும் சுலபம், பையன்னா ரிஸ். ஆனா அண்ணியோட பாட்டி கொள்ளுப்பாட்டி பேரைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, லிஸ்ட் பார்த்து எடுக்காதீங்க.

விழான்னா என்ன பண்ணுவாங்க?

ஜூலை 28தான் பெரிய நாள், கப்பல் கரை சேந்த நாள். சேப்பல்ல பாட்டு, அப்புறம் டீ, ரொட்டி வெண்ணெய், டோர்ட்டா நெக்ராங்கற கறுப்பு கேக். நட்ஸ், திராட்சை, பழுப்புச் சக்கரை, மசாலா போட்டது, வேல்ஸ்ல இல்ல, பட்டகோனியாவுலயே பொறந்தது. கல்யாண கேக்ல ஒரு அடுக்கை டப்பாவுல பத்திரமா வெச்சு கல்யாண நாளுக்கு வெட்டறது வழக்கம்.

அக்டோபர்ல ட்ரெலேவ்ல ஐஸ்டெத்வோட், கவிதை பாட்டு போட்டி. ஜெயிச்ச வெல்ஷ் கவிதைக்கு நாற்காலி பரிசு, ஸ்பானிஷ் கவிதைக்கு கிரீடம். எல்லாரும் புனைபெயர்லதான் அனுப்பணும், மேடையிலேந்து அந்தப் பேரைக் கூப்பிட்டதும் கூட்டத்துல ஒருத்தர் எழுந்து நிப்பாரு, அதுவரைக்கும் ஜெயிச்சது யாருன்னு பக்கத்து சீட்டுக்காரருக்கே தெரியாது. அவர் தலைக்கு மேல வாளை உருவற மாதிரி பிடிச்சு "சமாதானம் இருக்கா?"ன்னு கேப்பாங்க, கூட்டம் மொத்தமும் "சமாதானம்!"னு கத்தும், மூணு தடவை. அண்ணி வீட்டுக்காரங்க யாராவது அந்தப் பக்கம் இருந்தா அந்த மாசம் பார்த்து போங்கம்மா.