வகுப்புக்கே போகாமல், ஜப்பானில் வாழ்ந்தே ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொள்ள முடியுமா?

பேச்சு மட்டும் என்றால் முடியும். ஆனால் அங்கே இருந்தாலே மொழி தானாக வந்துவிடும் என்று நம்பி விமானம் ஏறாதீர்கள். அப்படி ஏறியவன்தான் நான்.

முதல் ஒன்றரை வருடம் டோக்கியோவில், இந்தியர்கள் நிறையப் பேர் வசிக்கும் நிஷி கசாய் பகுதியில் இருந்தேன். அறையில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம், பக்கத்துக் கடையில் துவரம்பருப்பு. "அரிகாத்தோ"வை (நன்றி) தாண்டவில்லை. அப்புறம் வேலை மாறி நாகானோ பக்கம் ஒரு சிற்றூருக்குப் போனேன். படிப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் வாத்தியார் கொன்பினி, அதாவது தெருமுனை 24 மணி நேரக் கடை. கல்லாவில் தினமும் அதே கேள்விகள்: சூடாக்கவா, பை வேண்டுமா, பாயின்ட் கார்டு இருக்கிறதா. புரியாமல் எல்லாவற்றுக்கும் "ஹாய்" (ஆமாம்) என்றேன். 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தனிக் காசு. வீட்டில் பை குவிந்தது. வேண்டாம் என்பதற்கு அங்கே "தைஜோபு தெஸ்" என்கிறார்கள். நாம் "பரவாயில்லைங்க" என்று கையசைத்து மறுப்போமே, அச்சு அசலாக அதேதான்.

ஒரு தவறு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். கேட்ட சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்தேன். நமக்கு 'க' ஒன்றுதான். சாவிக்கு ஒரு சொல் (kagi), சீமைப் பனிச்சைப் பழத்துக்கு (persimmon) ஒரு சொல் (kaki). நடுவில் ஒன்றில் g, இன்னொன்றில் k ஒலி. என் நோட்டில் இரண்டும் 'ககி'. ஒரு நவம்பர் இரவு சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். வீட்டுக்காரப் பாட்டியிடம் போய் மாற்றுச் சாவி கேட்டேன். உள்ளே போனவர் தோட்டத்து மரத்தில் பறித்த பழம் நான்கைப் பையில் போட்டு நீட்டினார். மறுநாளே ஹிராகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தை எழுத உட்கார்ந்தேன்.

இலக்கணத்துக்கு மட்டும் தமிழை விடாதீர்கள். வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'மிரு' என்பதே 'பார்'தான். சுசுமு ஓனோ என்ற அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. எனக்கென்ன, லாபம்தான். ஆங்கிலம் வழியாகப் படித்த நண்பர்கள் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது நான் அப்படியே சொல்லிக்கொண்டு போனேன்.

சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்து மட்டும் காதால் வராது. அன்றாடப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியலிலேயே 2136 இருக்கின்றன. உட்கார்ந்து எழுதித்தான் ஆகவேண்டும். நான் சைவம் என்பதால் பொட்டலங்களின் பின்பக்கத்தில் தேடித் தேடி முதலில் கற்றவை மீன், பன்றி, மாடு. இன்றும் ஆஸ்பத்திரிப் பலகை கண்ணில் படுவதற்குள் எனக்கு மீன் பட்டுவிடும்.