கோஷம் போட்டால் கொலை நிற்குமா?

கேள்வி: காசா, சூடான், மியான்மர் என்று எங்கெங்கோ மக்களைக் கொத்துக்கொத்தாகக் கொல்கிறார்கள். வள்ளுவர் கோட்டத்தில் நாலு பேர் நின்று கோஷம் போட்டால் அது நின்றுவிடுமா? 2009-ல் கூப்பிடு தூரத்தில் நடந்ததையே நம்மால் நிறுத்த முடியவில்லையே!
- வாசகர், பெரம்பூர்

பதில்: நிற்காது. அங்கே போடும் கோஷம் கோடம்பாக்கம் ஹை ரோட்டு ஹாரன் சத்தத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம். ஆனால், 2009-ஐ நீங்களே இழுத்துவிட்டதால் கேட்கிறேன்: அன்று இங்கே கோஷத்துக்கா பஞ்சம்?

2008 அக்டோபரில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடியது. இரண்டு வாரத்தில் இலங்கையில் போர்நிறுத்தம், இல்லையென்றால் நம் எம்.பி.க்கள் ராஜினாமா என்று டெல்லிக்குக் கெடு வைத்தார்கள். கொட்டும் மழையில் மனிதச் சங்கிலி நடந்தது. டெல்லி கொஞ்சமாவது அசைந்தது அப்போதுதான். காரணம் மழையில் நனைந்தவர்கள் அல்ல. ஆட்சியைத் தாங்கிய எம்.பி.க்களின் தலைக்கணக்கு. ராஜபக்சேவின் தம்பி பசில் டெல்லிக்குப் பறந்து வந்தார். நிவாரணப் பொருள், பேச்சுவார்த்தை என்று ஏதோ பேசி முடித்தார்கள். ராஜினாமா கடிதங்கள் கட்சித் தலைமையின் கையிலேயே தங்கிவிட்டன. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் எழுதியது. ஆக, நம்மிடம் பிடி இல்லாமல் இல்லை. பிடித்ததை விட்டோம்.

பிறகாவது கற்றோமா? 2013 மார்ச்சில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜெனீவாவில் இலங்கைக்கு எதிராக இந்தியா ஓட்டுப் போட்டது. 2021 மார்ச்சில், போர்க்கால ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க ஐ.நா. மனித உரிமை கவுன்சிலில் தீர்மானம் வந்தபோது இந்தியா நடுநிலை என்று நழுவியது. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது இரண்டே வாரம். உங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவரை நிறுத்தி, 'அந்த ஓட்டு ஏன் சார் விழவில்லை?' என்று யாராவது கேட்டீர்களா?

அரசாங்கம் நினைத்தால் என்ன முடியும் என்பதற்கு காம்பியாவைப் பாருங்கள். சென்னையில் பாதி மக்கள்தொகைகூட இல்லாத ஆப்பிரிக்க நாடு. அதன் அன்றைய சட்ட அமைச்சர் டம்படூ, ருவாண்டா இனப்படுகொலை வழக்குகளில் வேலை பார்த்தவர். வங்கதேசத்தில் ரோஹிங்கியா அகதி முகாமுக்குப் போனவர், அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. 2019 நவம்பரில் மியான்மர் மீது சர்வதேச நீதிமன்றத்தில் இனப்படுகொலை வழக்கு. இரண்டே மாதத்தில், மிச்சமிருக்கும் ரோஹிங்கியாக்களைக் காக்க வேண்டும், ஆதாரங்களை அழிக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு. மியான்மர் ராணுவம் திருந்திவிட்டதா என்றால், இல்லை. ஆனால் நாளைக்குக் கூண்டில் ஏற்ற ஒரு கட்டு காகிதம் மிச்சமிருக்கிறது.

அந்த வழக்குக்கு அடிப்படையான 1948-ம் ஆண்டு ஐ.நா. இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை இந்தியாவும் 1959-ல் ஏற்றது. அதன்படி தண்டிப்பது மட்டுமல்ல, தடுப்பதும் கடமை. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரில் நடந்த படுகொலை பற்றிய வழக்கில் 2007-ல் இதே நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பெரும் ஆபத்து இருப்பது தெரியவந்த உடனேயே அந்தக் கடமை தொடங்கிவிடுகிறது. 'தீர்ப்பு வரட்டும், பார்க்கலாம்' என்பதெல்லாம் சால்ஜாப்பு. ஒப்பந்தம் கேட்கும் உள்நாட்டுச் சட்டத்தை நாம் இன்னும் இயற்றவில்லை. 1984 சீக்கியர் படுகொலை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியது. அதன்பின் தண்டனைச் சட்டத்தையே புதிதாக எழுதி, வாயில் நுழையாத பெயரும் வைத்தார்கள். ஓட்டை அப்படியே இருக்கிறது.

'எங்கெங்கோ' என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். 2024 மே மாதம் மரியான் டானிகா என்ற கப்பலைத் தன் துறைமுகத்துக்குள் விட ஸ்பெயின் மறுத்தது, இஸ்ரேலுக்கு ஆயுதச் சரக்கு ஏற்றிப்போகிறது என்பதால். உள்ளே இருந்தது வெடிபொருள், கிளம்பிய ஊர் சென்னை என்று ஸ்பெயின் பத்திரிகைகள் எழுதின. பெரம்பூரிலிருந்து துறைமுகத்துக்கு ஆட்டோவில் போய்விடலாம் சார். அதற்குச் சில மாதங்கள் முன்பே, இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதங்களை ஏற்றமாட்டோம் என்று இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு அறிவித்திருந்தது. மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தோன்றியது, படித்த நமக்குத் தோன்றவில்லை.

ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் போனவர்களை, வெளியுறவுக் கொள்கை எங்கள் வேலை அல்ல என்று அதே ஆண்டு செப்டம்பரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் நாடாளுமன்றம்தான். ஆயுத ஏற்றுமதிக்கு அனுமதி தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை. எந்தச் சரக்குக்கு, எந்த நாட்டுக்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று மக்களவையில் எழுத்துப்பூர்வமாகக் கேட்க உங்கள் எம்.பி.க்கு உரிமை உண்டு. அடுத்த முறை அவர் ஏதாவது கல்யாண மண்டபத்தில் சிக்கினால், மெட்ரோ எப்போது வரும் என்று கேட்கிற கையோடு இதையும் எழுதிக் கொடுங்கள். கோஷம் அவர் கேட்காமல் திரும்பி வந்த பிறகு போடலாம்.